61 சதவீத ரம்: நாக்கு எரிந்தால் குறை யாரிடம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். லண்டனிலிருந்து வந்த மைத்துனர் ஒரு புட்டி ரம் கொடுத்திருக்கிறார். லேபிளில் கயானா, போர்ட் மௌரன்ட், 20 வருடம், 61 சதவீதம் என்று போட்டிருக்கிறது. கயானா தென் அமெரிக்காவில் இருக்கும் நாடு, போர்ட் மௌரன்ட் அங்கே காய்ச்சும் ஒரு வகை ரம்மின் பெயர். இதுவரை ஓல்ட் மங்க்கில் கோலா ஊற்றிக் குடித்துத்தான் பழக்கம். இதைத் தனியாக ஒரு வாய் வைத்ததும் நாக்கு மரத்துப்போனது, மூக்கில் ஸ்பிரிட் நெடி மட்டும் ஏறியது. நிறமோ ஓல்ட் மங்க்கைவிட வெளிறிக் கிடக்கிறது. இதற்கா இவ்வளவு விலை, இதை எப்படித்தான் குடிப்பது, கோலா ஊற்றினால் தப்பா என்று கேட்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் இருக்கிற கேள்வி, குறை ரம்மிலா என் நாக்கிலா என்பதுதான் என்று நினைக்கிறேன். இரண்டிலும் குறை இல்லை. கடையில் வாங்கும் சாதாரண ரம்மில் தண்ணீர் எவ்வளவு சேர்ப்பது என்பதை ஆலைக்காரர் முடிவுசெய்து அனுப்புகிறார். இந்தப் புட்டியில் அந்த முடிவை உங்களிடம் விட்டுவிட்டார்கள். அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நான் ஐரோப்பாவில் ரம்மைப் பீப்பாய்க் கணக்கில் வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தில், மாதிரிகளை முகர்ந்து தரம் பிரிக்கிற வேலையில் பல வருடம் இருந்தவன். அங்கே மேசைக்கு வரும் மாதிரிகள் பெரும்பாலும் 60 சதவீதத்துக்கு மேலே இருக்கும். அவற்றை அப்படியே முகர்ந்து யாரும் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு இறங்கும்வரை தண்ணீர் விட்டு, அதன்பிறகுதான் மூக்கை வைப்போம். குடிப்பதற்கு அந்த அளவு தண்ணீர் தேவையில்லை, ருசி சப்பென்று ஆகிவிடும். ஆனால் "நல்ல ரம்மில் தண்ணீர் விடக் கூடாது" என்று யாராவது வீராப்பு பேசினால், இதையே தொழிலாகச் செய்பவர்கள் அதைத்தான் முதல் வேலையாகச் செய்கிறார்கள் என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

முதலில் அந்த எரிச்சலைப் பார்ப்போம். மிளகாய் கடித்தால் வாய் எரிகிறதே, அந்த உணர்வைத் தருவது நரம்பு முனைகளில் இருக்கும் டிஆர்பிவி1 என்ற ஏற்பி. சூடான காப்பி பட்டாலும் குரல் கொடுப்பது அதே ஏற்பிதான். சாதாரணமாகச் சுமார் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அது "சுடுகிறது" என்று மூளைக்குச் சொல்லும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. உங்கள் வாயோ அதைவிடச் சூடாக இருக்கிறது. ஆக, உங்கள் உடம்புச் சூடுதான் உங்களைச் சுட்டிருக்கிறது. 20 வருடம் பீப்பாயில் இருந்தாலும், நேற்றுக் காய்ச்சியதாக இருந்தாலும், 61 சதவீதம் என்றால் இந்த வேலை நடக்கத்தான் செய்யும். வயதானது மென்மையாக இருக்கும் என்பது ஓரளவு உண்மை. காய்ச்சிய புதிதில் இருக்கும் கந்தக நெடியும் கரடுமுரடான சில வாசனைகளும் பீப்பாயில் அடங்கிவிடும். ஆல்கஹால் அளவு மட்டும் லேபிளில் எழுதியதுதான், வயது அதைக் குறைத்துக் காட்டாது.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். நம் ஊரில் கிளாஸ் எடுத்தால் கூடவே மிளகுப் பொரியலோ சில்லி சிக்கனோ சைடிஷாக வந்துவிடும். மிளகாயும் ஆல்கஹாலும் ஒரே ஏற்பியை இரண்டு பக்கமும் அடித்தால் வாயில் எரிச்சலைத் தவிர எதுவும் மிஞ்சாது. இந்தப் புட்டியை எடுக்கிற அன்று காரத்தை ஒதுக்கிவிடுங்கள். உப்பில்லாமல் வறுத்த முந்திரி, கசப்புச் சாக்லேட், பக்கத்தில் ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீர், இவை போதும். சாப்பாட்டுக்கு முன்னால், வயிற்றில் ஏற்கனவே ஏதாவது லேசாக இருக்கும்போது குடியுங்கள். ரசமும் ஊறுகாயும் சாப்பிட்ட வாயோடு உட்காராதீர்கள்.

தண்ணீர்க் கணக்கு எளிது. 20 மில்லி ரம்மை ஊற்றிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ருசி பார்க்கத் தேவையே இல்லை. 61 சதவீதத்தில் 20 மில்லி என்றால், உள்ளே போகும் ஆல்கஹால் ஓல்ட் மங்க்கின் ஒரு சின்ன பெக்குக்கு, அதாவது 30 மில்லிக்கு, கிட்டத்தட்டச் சமம். அதில் ஒரு டீஸ்பூன், 5 மில்லி தண்ணீர் விட்டால் 49 சதவீதத்துக்கு வந்துவிடும். இரண்டாவது டீஸ்பூன் விட்டால் 41. ஓல்ட் மங்க் 42.8 சதவீதம். நம் ஊர்ப் புட்டிகளில் 75 டிகிரி புரூஃப் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த 75ம் இந்த 42.8ம் ஒரே அளவுதான். இரண்டே டீஸ்பூனில் நீங்கள் பழகிய இடத்துக்கு வந்துவிடுகிறீர்கள். வழியில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள். இந்த வகை ரம்மில் என் கை பெரும்பாலும் 48, 50 பக்கத்தில் நின்றுவிடும். உங்களுக்கு 44 பிடித்தால் அதுதான் உங்கள் அளவு. தண்ணீர் மட்டும் ருசியில்லாத கேன் தண்ணீராக இருக்கட்டும். போர்வெல் தண்ணீரும் குளோரின் வாடை அடிக்கிற குழாய்த் தண்ணீரும் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

தண்ணீர் விட்டதும் கிளாஸுக்குள் இழை இழையாக எண்ணெய் மாதிரி ஒன்று சுழலும். ரம் லேசாக மங்கலாகக்கூட ஆகலாம். பயப்பட வேண்டாம். குளிரவைத்து வடிகட்டாத ரம்மில் கொழுப்பு அமிலங்களிலிருந்து வந்த எஸ்டர்கள் என்ற மணப்பொருள்கள் கரைந்திருக்கும். ஆல்கஹால் குறைந்ததும் அவற்றுக்குக் கரைந்து நிற்க முடியாது. அந்த மங்கல் நல்ல அறிகுறி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அரை நிமிடத்தில் மணம் மாறும். கட்டிப் பெருங்காயத்தை நேராக முகர்ந்து பார்த்தவருக்கு, அதே பொருள்தான் சாம்பாரில் அப்படி மணக்கிறது என்று நம்புவது கஷ்டம். இங்கே நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

ஏன் அப்படி மாறுகிறது என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியதும் இருக்கிறது, சொல்ல முடியாததும் இருக்கிறது. ஆல்கஹால் ஆவி குறைந்தால் மூக்கின் எரிச்சல் குறையும், மற்ற வாசனைகள் தெரியும் என்பது உறுதி. அதற்கு மேல், 2017ல் ஸ்வீடனில் இரண்டு வேதியியலாளர்கள் கணினி மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார்கள். விஸ்கியின் புகை மணத்துக்குக் காரணமான குவாயகால் என்ற பொருள், 45 சதவீதம் வரையுள்ள கலவையில் மேற்பரப்பில் தங்குகிறது, 59 சதவீதத்துக்கு மேல் போனால் திரவத்துக்குள் அமிழ்ந்துவிடுகிறது என்றார்கள். உங்கள் புட்டி 61 என்பதால் இது கச்சிதமாகப் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் அது தண்ணீர், ஆல்கஹால், குவாயகால் மூன்றை மட்டும் வைத்துச் செய்த கணக்கு. நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்து கிடக்கிற ரம்முக்கு அதை அப்படியே சட்டமாக்க முடியாது. என் மூக்கின் அனுபவம் அதற்கு ஒத்துப்போகிறது, அதற்கு மேல் நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

கிளாஸ் விஷயம் முக்கியம். அகலமான விஸ்கி டம்ளர் வேண்டாம். அடி பருத்து வாய் குறுகிய டியூலிப் வடிவக் கிளாஸ் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். ஊற்றிய உடனே முகராமல் 10, 15 நிமிடம் விட்டுவையுங்கள். ஒரு வருடத்துக்கு ஒரு நிமிடம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதற்கு அடிப்படை ஒன்றும் கிடையாது, பொறுமையைப் பழக்குவதற்குச் சொன்னது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒயினைச் சுழற்றுவது மாதிரி வேகமாகச் சுழற்றாதீர்கள், ஆல்கஹால் ஆவிதான் பொங்கி எழும். கிளாஸ் பக்கங்களில் வழியும் கோடுகளைக் காட்டி வயதைச் சொல்பவர்களையும் பொருட்படுத்த வேண்டாம். அந்தக் கோடுகள் ஆல்கஹால் அளவைத்தான் பெரும்பாலும் காட்டும். சென்னையில் இருக்கிறீர்கள் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. மே மாதம் 34 டிகிரியில் இருக்கும் அறையில் 61 சதவீத ரம் முகத்தில் அறையும். ஏசி அறையில் குடியுங்கள், அல்லது வெறும் கிளாஸை ஐந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். ஐஸ் கட்டி போட்டால் எரிச்சலோடு வாசனையும் அடங்கிவிடும். ஊதுபத்தி, சாம்பிராணி, அத்தர் எதுவும் அன்றைக்கு அந்த அறையில் வேண்டாம்.

முகரும்போது கிளாஸை மோவாய் அளவில் வைத்துக்கொண்டு மெல்ல மேலே கொண்டுவாருங்கள். வாய் லேசாகத் திறந்திருக்கட்டும். அப்போது ஆவி தொண்டைப் பக்கமாகவும் கலைந்து போகும், மூக்கு அதிர்ச்சி அடையாது. ஆழமாக இழுக்காமல், பூ முகர்வது போலச் சின்னச் சின்னதாக இழுங்கள். ஒவ்வொரு நாசியாக முகர்ந்து பாருங்கள், சளி இல்லாவிட்டாலும் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மூக்கு களைத்துவிட்டால் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தை ஒருமுறை முகர்ந்துவிட்டு மறுபடி வாருங்கள். காப்பிக்கொட்டை முகரச் சொல்வார்கள், எனக்கு அது இன்னொரு வாசனையைச் சுமத்துவதாகத்தான் படுகிறது.

வெள்ளைக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் இருக்கும் வாசனைகளைத் தேடாதீர்கள். அவர்கள் கிறிஸ்துமஸ் கேக் என்று எழுதுவது உங்களுக்கு எதையும் நினைவூட்டாது. போர்ட் மௌரன்ட்டில் முதலில் வருவது அதிமதுரமும் சோம்பும். நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தால் அடிக்குமே, அந்த வகை. அதற்குப் பின்னால் பென்சில் சீவல், பழைய தோல், லேசான தார். தண்ணீர் விட்டதும் கருப்பட்டியும் பேரீச்சையும் மேலே வரும். சில பீப்பாய்களில் கிராம்பு தெளிவாகத் தெரியும், அது பீப்பாயின் ஓக் மரத்திலிருந்து வரும் யூஜினால், நம் கிராம்பில் இருக்கும் அதே பொருள். ஓக்கின் லாக்டோன்கள் தேங்காய் வாசனை தரும். வனிலா வாசனையும் மரத்தின் லிக்னின் சிதைந்து வருவதுதான். சில புட்டிகளில் கடைசியாக ஒரு உப்புத்தன்மை, ஆலிவ் ஊறிய தண்ணீர் மாதிரி, வந்து போகும். உங்களுக்கு அது உப்பு நார்த்தங்காய் என்று தோன்றினால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அதிமதுரம் உங்களுக்குத் தெரியவே இல்லை என்றாலும் பரவாயில்லை. ஆளுக்கு ஆள் மூக்கு வேறு. எங்கள் மேசையிலும் ஒரே மாதிரிக்கு இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதியது சாதாரணம்.

இனி வாய். முதல் மடக்கு ருசிக்கானது இல்லை. நாலைந்து சொட்டு மட்டும் நாக்கில் விட்டு, எச்சில் ஊறும்வரை உருட்டி விழுங்குங்கள். வாய் பழகுவதற்குத்தான் அது. ஒரு நிமிடம் கழித்து எடுக்கும் இரண்டாவது மடக்குத்தான் நிஜமானது. அதையும் அரை டீஸ்பூனுக்கு மேல் எடுக்காதீர்கள். எத்தனை நொடி வாயில் வைத்திருக்க முடிகிறதோ அத்தனை நொடி வைத்து, விழுங்கிய பிறகு வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். ரம்மின் பாதி அங்கேதான் இருக்கிறது. வாசனை பின்பக்கமாக மூக்குக்கு ஏறும். முன்னால் இனிப்பாகத் தொடங்கியது நடுவில் மரக் கசப்பாக மாறி, முடிவில் கட்டங்காப்பியும் அதிமதுரமுமாக நீளும். நல்ல போர்ட் மௌரன்ட் விழுங்கி சில நிமிடம் ஆன பின்னும் தொண்டையில் இருக்கும். நாக்கு வறண்டு, கடுக்காய் கடித்தது போலப் பல்லோரம் பிடித்துக்கொண்டால் அது டானின் என்ற மரத்தின் துவர்ப்புப் பொருள், மரம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

இங்கேதான் வயதும் நிறமும் வருகின்றன. ஓல்ட் மங்க்கைவிட வெளிறியிருக்கிறதே என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது, ஆனால் ரம்மில் நிறத்தை வைத்து வயது சொல்ல முடியாது. கருப்பாக இருக்கும் பல ரம்களில் கேரமல் சேர்த்திருப்பார்கள், அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. உங்கள் புட்டி வெளிறியிருப்பதற்கு என் ஊகம் வேறு. கயானா ரம்மைப் புதிதாகவே ஐரோப்பாவுக்குக் கப்பலில் அனுப்பி, அங்கே பழைய பீப்பாய்களில் வைத்து முதிரவிடும் வழக்கம் நீண்ட காலமாக உண்டு. பிரிட்டனிலிருந்து வரும் தனிப் பீப்பாய்ப் புட்டிகள், அதாவது ஒரே பீப்பாயிலிருந்து அடைத்தவை, நிறைய இந்த வகைதான். பலமுறை பயன்படுத்திய பீப்பாய், குளிர்ந்த கிடங்கு, இரண்டும் சேர்ந்தால் 20 வருடத்திலும் வைக்கோல் நிறம்தான் வரும். நான் உங்கள் புட்டியைப் பார்க்கவில்லை. பின்லேபிளில் எங்கே முதிர்ந்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

அந்த ஒரு வரி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. கரீபியன் வெப்பத்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு 6 சதவீதமோ அதற்கு மேலோ ஆவியாகிப் போகும். ஸ்காட்லாந்துக் குளிரில் 2 சதவீதம்தான். 200 லிட்டர் பீப்பாயை 20 வருடம் வைத்தால், 6 சதவீதக் கணக்கில் 58 லிட்டர்தான் மிஞ்சும். 2 சதவீதக் கணக்கில் 133 லிட்டர் இருக்கும். விலையில் ஒரு பகுதி இந்தக் காணாமல் போன ரம்முக்குத்தான். ஆனால் "கரீபியனில் ஒரு வருடம், ஸ்காட்லாந்தில் மூன்று வருடம்" என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். ஆவியாவதும் மரச்சாறு இறங்குவதும் வெப்பத்தில் வேகமாக நடக்கும். காற்றுப் பட்டு மெல்ல நடக்கும் மாற்றங்களுக்கு நாள்கணக்குத் தேவை, அதை வெப்பம் அதே விகிதத்தில் முடித்துத் தராது. இரண்டும் இரண்டு வேறு ரம்கள். வெப்பத்தில் முதிர்ந்தது கெட்டியாக, மரம் நிறைந்து இருக்கும். குளிரில் முதிர்ந்ததில் காய்ச்சிய கலத்தின் குணம் தெளிவாகத் தெரியும். உங்களுடையது இரண்டாவது வகை என்றால், போர்ட் மௌரன்ட்டைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல புட்டி அமையாது.

ஏனென்றால் அந்தப் பெயரே ஒரு காய்ச்சும் கலத்தின் பெயர். கயானாவின் டெமராரா நதிக் கரையில் இருக்கும் டயமண்ட் ஆலையில், வேறு எங்கும் கிடைக்காத மரக் கலங்கள் மூன்று இன்னும் ஓடுகின்றன. என்மோர், வெர்சாய், போர்ட் மௌரன்ட் என்று அவை வந்த பழைய கரும்புத் தோட்டங்களின் பெயரிலேயே அழைக்கிறார்கள். கிரீன்ஹார்ட் என்ற, தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவு கனமான உள்ளூர் மரத்தில் செய்தவை. போர்ட் மௌரன்ட்டில் இரண்டு மரத் தொட்டிகள் ஒன்றோடு ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். முதல் தொட்டியின் ஆவி இரண்டாவதற்குள் போய், அங்கே மறுபடி கொதித்து மேலேறும். முழுக்கச் செம்பால் ஆன கலத்தில் செம்பு கந்தகச் சேர்மங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இங்கே ஆவிக்குச் செம்போடு தொடர்பு குறைவு, அதனால் கனமான வாசனைகள் தப்பித்து ரம்முக்குள் வந்துவிடுகின்றன. அந்தத் தாரும் அதிமதுரமும் இப்படி வருபவை என்பதுதான் தொழிலில் இருப்பவர்களின் பொதுக் கருத்து. இந்தக் கலம் 1732ஐச் சேர்ந்தது என்று புட்டிகளில் பார்ப்பீர்கள். அது தோட்டத்தின் வரலாற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் வருடம். மரப் பலகைகள் தேயத் தேய மாற்றப்படுபவை, ஆகவே இன்று கொதிக்கிற பலகை அத்தனை பழையது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இடத்தைப் பற்றியும் கொஞ்சம். போர்ட் மௌரன்ட் பெர்பிஸ் பகுதியின் கோரன்டைன் கடலோரத்தில் இருக்கும் ஊர். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு அது ரோஹன் கன்ஹாய், பேசில் புச்சர், ஜோ சாலமன் மூவரும் வந்த ஊர். 1838ல் தொடங்கி 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன கரும்புத் தோட்டங்கள் அவை. பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து போனவர்கள், ஒரு பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போன தமிழரும் தெலுங்கரும். அவர்கள் வழி வந்தவர்கள் இன்றும் அங்கே மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் அதே வயல்களில் அடிமைகளாக உழைத்தவர்கள் ஆப்பிரிக்கர்கள். லேபிளில் தோட்டத்தின் பெயரை அழகிய எழுத்தில் அச்சிடுபவர்கள் இதை அதிகம் எழுதுவதில்லை.

அடுத்து சர்க்கரை. ரம்மின் இனிப்பு எல்லாம் பீப்பாயிலிருந்து வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. வடித்த ரம்மில் சர்க்கரை இருக்காது, பிறகு சேர்த்தால்தான் உண்டு. பின்லாந்து, ஸ்வீடன் அரசு மதுக்கடைகள் பல ரம்களின் சர்க்கரை அளவை வெளியிட்டுவருகின்றன. அதில் பெயர் பெற்ற சில பழைய ரம்களே மாட்டிக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது லிட்டருக்கு 20 கிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். உங்களுடையது தனிப் பீப்பாயிலிருந்து அப்படியே அடைத்தது என்றால் சர்க்கரை இருக்க வாய்ப்பு குறைவு. சந்தேகமாக இருந்தால் ஒரு வெள்ளைச் சாசரில் அரை டீஸ்பூன் ஊற்றி ஒரு இரவு விட்டுவையுங்கள். காலையில் விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் சர்க்கரை. மெல்லிய பழுப்புப் படலம் மட்டும் இருந்தால் மரச்சாறு. ஆய்வுக்கூடச் சோதனை இல்லைதான், ஆனால் லிட்டருக்கு பத்துப் பதினைந்து கிராம் சேர்த்ததை அநேகமாகக் காட்டிக்கொடுத்துவிடும். வயது எண்ணிலும் ஒரு கவனம் தேவை. கயானா, பார்படாஸ், ஜமைக்கா ரம்களில் எழுதியிருக்கும் வயது கலவையிலேயே இளையதன் வயது. சில லத்தீன் அமெரிக்க ரம்களில் பெரிதாக அச்சிட்ட எண் கலவையில் இருக்கும் மூத்த ரம்மைக் குறிக்கும், அது எத்தனை சொட்டு என்று யாரும் சொல்வதில்லை.

இதற்கா இவ்வளவு விலை என்ற கேள்விக்கு என் பதில் பாதி ஆம். மூன்றாவது, நான்காவது முறை உட்காரும்போது இந்த ரம் உங்களுக்குத் திறக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த முறை யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தால் 20, 25 என்ற எண்ணைத் துரத்தச் சொல்லாதீர்கள். வெப்பத்தில் முதிர்ந்த ரம்மில் எனக்குப் பிடித்தது 12இலிருந்து 16 வருடம் வரை. அதைத் தாண்டினால் பல பீப்பாய்களில் மரம்தான் பேசும். பார்படாஸின் ஃபோர்ஸ்குவேர் ஆலை 2008ல் காய்ச்சி 12 வருடம் வைத்து 60 சதவீதத்தில் அடைத்த ரம், உயர்ந்த சதவீதத்துக்குப் பழக நல்ல பள்ளிக்கூடம். சர்க்கரை சேர்க்க மாட்டார்கள், கிடங்கும் அதே தீவுதான். ஜமைக்காவின் ஹாம்ப்டன் ஆலை இன்னொரு உலகம். அழுகும் நிலைக்குப் போன அன்னாசி, பலாச்சுளை, நெயில் பாலிஷ் என்று எஸ்டர்கள் கொட்டும், முதல் புட்டியாக அதை எடுத்தால் ஓடிவிடுவீர்கள். டிரினிடாடின் கரோனி பெயரைக் கேள்விப்பட்டு ஆசைப்பட வேண்டாம். 2003ல் மூடிய ஆலை அது. 2004 கடைசியில் இத்தாலிய ரம் வணிகர் லூக்கா கர்கானோ அங்கே மிஞ்சிக் கிடந்த பீப்பாய்களைக் கண்டு வாங்கி அடைத்துப் புகழாக்கினார். ரம் அருமைதான், ஆனால் இன்றைய விலையில் பெரும் பகுதி இனி வராது என்பதற்காகக் கொடுப்பது.

கோலா? உங்கள் புட்டி, உங்கள் விருப்பம். பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் கோலாவில் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது, மைத்துனர் காசு கொடுத்த அதிமதுரமும் தோலும் அதற்குள் காணாமல் போய்விடும், மிஞ்சுவது போதை மட்டும். அதற்கு ஓல்ட் மங்க் நன்றாகவே வேலை செய்கிறது. கலந்துதான் குடிப்பேன் என்றால் இந்த ரம்மில் ஒரு டீஸ்பூன் மட்டும் எடுத்து, ஓல்ட் மங்க் கோலாவின் மேலே மிதக்க விட்டுப் பாருங்கள். வாசனை முதலில் வரும், புட்டியும் காலியாகாது.

புட்டியைப் படுக்கவைக்காதீர்கள், 61 சதவீதம் கார்க்கை அரித்துவிடும். வெயிலும் அடுப்பும் இல்லாத இடத்தில் நிற்க வையுங்கள். விளக்கோ மெழுகுவர்த்தியோ பக்கத்தில் இருக்கும்போது ஊற்றவே வேண்டாம், இந்தச் சதவீதத்தில் ஆவி தீப்பிடிக்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் சின்னப் புட்டிக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் சில மாதங்களில் மேல் வாசனைகள் போய்விடும். பின்லேபிளில் காய்ச்சிய வருடமும் முதிர்ந்த இடமும் இருந்தால் இங்கே எழுதுங்கள். அதை வைத்து இன்னும் துல்லியமாக ஏதாவது சொல்ல முடிகிறதா பார்க்கிறேன்.